அம்மாவுக்கு இடம் பிடித்த மூன்று செங்கல்

செங்கல் மூன்றையும் கிணற்றடியில் கழுவினேன். பாவாடையில் துடைத்து, கேட்டுக்கு வலப்பக்கம் மதிலோரமாக முக்கோணத்தில் வைத்தேன். பிறகு சாக்பீஸை எடுத்து ஒவ்வொன்றிலும் 'அம்மா' என்று எழுதினேன்.

என்னோடு படித்த ஒருத்தி குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "யாருடெ அம்மாடீ?"

கேள்வி நியாயமானதுதான். அம்மா கூட இல்லாத நாற்பது பெண் பிள்ளைகள் இருக்கிற வீட்டில், பொத்தாம் பொதுவாக அம்மா என்று எழுதி வைத்தால் எப்படி? ஆனால் எனக்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லை. அந்த வீட்டில் அம்மாவுக்கு அடுப்பு பிடித்து வைக்கிறவள் நான் ஒருத்திதான்.

திருவனந்தபுரத்தில் மாசி மாதம் ஒரு நாள் ஊரெல்லாம் அடுப்பாக இருக்கும். பகவதிக்குப் பெண்கள் பொங்கலிடுகிற பொங்காலை நாள். கோயில் வாசலில் தொடங்கி ரோடு, சந்து, கடை வாசல், ஆபீஸ் முற்றம் என்று எங்கே மூன்று செங்கல் வைக்க இடமிருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். நல்ல இடம் வேண்டுமென்றால் முந்தின நாளே செங்கலைப் போட்டுவிட வேண்டும். போட்டுவிட்டால் இடம் உங்களுடையது. இன்னொருத்தி அதை நகர்த்த மாட்டாள்.

கிள்ளிப்பாலத்திலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் இருந்தது எங்கள் இல்லம். சிஸ்டர்மார் நடத்தியது. முற்றத்தில் மாதா சிலை. அன்றைக்கு மட்டும் கேட்டின் இரண்டு கதவுகளும் விரியத் திறந்து கிடக்கும். அடுப்புகள் வரிசையாக மாதாவின் காலடி வரைக்கும் வந்துவிடும். சிஸ்டர்மார் குடத்தில் தண்ணீரும் வாளியில் மோரும் கொண்டுவந்து வைப்பார்கள்.

எனக்கு அப்போது பதிமூன்று வயது. பொங்காலைக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்று அம்மா சொல்லிவிட்டுப் போய், பல பொங்காலைகள் முடிந்திருந்தன.

துண்டு போட்ட சீட்டு

தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் தொழில் தெரியும். இந்த வாரம்தான் ஏறியவர்களுக்காகச் சொல்கிறேன். நான் அரசு பஸ்ஸில் கண்டக்டர். திருவனந்தபுரம், நாகர்கோவில் வழி. இந்த வழியில் வேலை பார்க்கத் தமிழிலும் சண்டை போடத் தெரிய வேண்டும், மலையாளத்திலும் தெரிய வேண்டும். எனக்கு இரண்டும் சரளம்.

ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவர்களை நான் விடுவதே இல்லை. சென்ற வாரம்கூட ஒரு வேட்டிக்காரர் கோபித்துக்கொண்டார்.

"ஆளு வந்துகிட்டே இருக்கும்மா."

"வரட்டும் அண்ணாச்சி. துண்டுக்கு டிக்கெட் எடுத்திருக்கீங்களா? நிக்கிற ஆளுக்குத்தான் சீட்டு."

பஸ் மொத்தமும் என் பக்கம் சிரித்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கும் உள்ளுக்குள் சிரிப்பு வந்தது, அது வேறு சிரிப்பு. வராத ஆளுக்காக வருஷா வருஷம் இடம் பிடித்து வைத்து, அதற்காகப் பக்கத்து அடுப்புக்காரிகளோடு மல்லுக்கு நின்றவள் இந்த இசக்கிதான். ஊருக்குத்தான் உபதேசம்.

வெளியே ஒரு பூட்டு

அப்பாவும் அம்மாவும் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆரியசாலையில் அரிசிக் கிட்டங்கிக்குப் பின்னால் ஒற்றை அறை. அப்பா கொத்தனார். அம்மா கிட்டங்கியில் அரிசி புடைத்தாள். அப்பா கட்டின சுவர் நூல் பிடித்ததுபோல நேராக நிற்கும் என்பார்கள். சாயங்காலம் அவரால்தான் நேராக நிற்க முடியாது. முதல் அடி அம்மாவுக்கு. அம்மா கைக்கு எட்டாவிட்டால் எனக்கு.

ஒரு நாள் அம்மா என்னைக் கிட்டங்கி வாசலில் உட்கார வைத்தாள். மடியில் வறுகடலைப் பொட்டலம் ஒன்றை வைத்தாள். "பொங்காலைக்கு வந்து ஒன்னயக் கூட்டிட்டுப் போயிருதேன் மக்கா. அழாம இரி" என்றாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது நல்ல கணக்காகத்தான் பட்டது. சாலைக் கடைத்தெருவில் மண்பானையை மலை மலையாக இறக்கினால் பொங்காலை வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அப்பா வேலைக்குப் போகும்போது என்னை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போனார். பிள்ளைக்குப் பாதுகாப்பாம். ஒரு நாள் போனவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கின பிறகு, அரிசிக் கடைக்கார அக்கா ஆளைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்தாள். ஆபீஸ் ஆபீஸாக அலைந்து என்னை இல்லத்தில் சேர்த்ததும் அவள்தான். அம்மா இருக்கிற இடத்தை எப்படியோ விசாரித்து, நான் எங்கே இருக்கிறேன் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியவளும் அந்த அக்காதான். அப்பா எங்கே போனார் என்று இன்றுவரை தெரியாது. நான் தேடவும் இல்லை.

இல்லத்தில் முதல் நாள் ஒரு கட்டிலைக் காட்டி உன்னுடையது என்றார்கள். நான் கட்டிலைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தேன்.

"யாரு பூட்டுவா?"

மூத்த பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கதவின் உள்பக்கத்துத் தாழ்ப்பாளைக் காட்டினாள். "நம்மதான். தினம் ஒரு ஆள் முறை. இன்னிக்கு நீ போடு."

எம்பி எம்பிப் போட்டேன். இரும்பு 'டக்'கென்று உட்கார்ந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

இல்லம் உனக்கு என்ன தந்தது என்று கேட்கிறவர்கள், சாப்பாடு, படிப்பு என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். இரண்டும் தந்தது. இரண்டுக்கும் முன்னால் அந்தத் தாழ்ப்பாளைத் தந்தது.

கேள்க்கணமே

சாயங்காலம் சேப்பலில் பிரார்த்தனை. பாட்டெல்லாம் முடிந்ததும் ஆளுக்கொரு வேண்டுதலைச் சத்தமாகச் சொல்லலாம். யார் எதைக் கேட்டாலும் மற்ற எல்லோரும் சேர்ந்து, "கர்த்தாவே, கேள்க்கணமே" என்று சொல்ல வேண்டும். ஆண்டவரே, கேட்டருளும் என்று அர்த்தம்.

கணக்கில் பாஸாக வேண்டும் என்பாள் ஒருத்தி. கேள்க்கணமே. ஞாயிற்றுக்கிழமை மீன் கறி வேண்டும் என்பாள் இன்னொருத்தி. கேள்க்கணமே! அதற்கு மட்டும் கூரை அதிரும்.

நான் இசக்கியம்மன் பெயரைச் சுமந்து வந்தவள். இந்தச் சாமியிடம் நான் கேட்கலாமா என்று தெரியாமல் கொஞ்ச நாள் வாயைத் திறக்கவில்லை. யாரும் கேள் என்றும் சொல்லவில்லை, கேட்காதே என்றும் சொல்லவில்லை. ஒரு நாள் தானாக வந்துவிட்டது.

"எங்கம்மா வரணும்."

"கர்த்தாவே, கேள்க்கணமே" என்றார்கள் அத்தனை பேரும். நான் கத்தினபோது ஒரு பூட்டிய கதவுகூட அசையவில்லை. இங்கே என் ஒருத்தியின் ஆசைக்கு நாற்பது பேர் குரல் கொடுத்தார்கள். சாமி கேட்டாரோ இல்லையோ, அவர்கள் கேட்டார்கள். எனக்கு நம்பிக்கை என்ற ஒன்று முளைத்தது அந்தச் சத்தத்தில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றிலிருந்து தினமும் அதையேதான் கேட்டேன். கடைசியில், நான் எழுந்து நின்றாலே போதும், கேள்க்கணமே என்று முந்திக்கொள்வார்கள்.

தீப்பெட்டிக் கட்டோடு ஒரு சிஸ்டர்

எனக்குப் பதிமூன்று வயதான அந்த வருஷம்தான் சிஸ்டர் லூசியா இல்லத்துக்குப் பொறுப்பாக வந்திருந்தார். வடக்கே பாலா என்கிற ஊர்ப் பக்கம், ரப்பர் தோட்டத்து வீட்டுப் பெண். பொங்காலையைக் கேள்விப்பட்டிருந்தாரே தவிரப் பார்த்தது கிடையாது. நடக்கிற ஆள் அல்ல, ஓடுகிற ஆள். தமிழ் அரைகுறை, ஆனால் அதற்காகப் பேசாமல் இருக்க மாட்டார்.

பொங்காலை அன்று காலையில் சந்து நிறைந்துவிட்டது. எல்லா அடுப்பிலும் பானை ஏறி உட்கார்ந்திருந்தது, என்னுடையதைத் தவிர. தாமதமாக வந்த ஒரு பெண் என் அடுப்பைப் பார்த்துவிட்டு, "மோளே, இவ்விடெ ஆளுண்டோ?" என்று கேட்டாள்.

"உண்டு" என்றேன். சொல்லிவிட்டு மறுபடியும் சந்து முனையைப் பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும் இந்த வேலைதான். கடைசி நேரத்தில் யாராவது ஒருத்தி, ஆள் வராத அடுப்புதானே என்று பானையோடு வந்து நிற்பாள், நான் மல்லுக்கு நின்று தோற்று, அழுதுகொண்டே உள்ளே போவேன்.

சிஸ்டர் லூசியா ஓடி வந்தார். "எந்தா இசக்கி, அடுப்பு சும்மா கிடக்குது?"

"அம்மா வருவா சிஸ்டர்."

"வரட்டும். வரும்போ அம்மைக்கு விசக்கும், பசிக்கும் இல்லே? நீ தொடங்கு."

பின்னாலிருந்து ஒரு புதுப் பானையை எடுத்து நீட்டினார். முந்தின நாள் சாலைக் கடைத்தெருவில் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார். இல்லத்து அடுக்களையிலிருந்து அரிசி, வெல்லம், தேங்காய் எல்லாம் ஒரு சம்புடத்தில் வந்தன.

"எனக்குப் பொங்க வைக்கத் தெரியாதே சிஸ்டர்."

"எனக்கும் அறியாது. ரெண்டு பேருமா படிக்கலாம்."

அடுப்பில் காய்ந்த ஓலையைத் திணித்தார். இடுப்புப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். சர்ரென்று ஒரு குச்சியைக் கிழித்தார்.

நாலா பக்கமும் "அய்யோ!" என்று சத்தம். பக்கத்து அடுப்பில் இருந்த வலியசாலை மாமி தாவி வந்து சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அணைங்கோ சிஸ்டர், அணைங்கோ! இதுக்குத் தீப்பெட்டி கூடாது. கோயில் அடுப்புல மொதல்ல மூட்டுவா. அந்தத் தீதான் ஒரு அடுப்புலேர்ந்து இன்னொண்ணுக்குக் கை மாறி இங்க வரணும். அதுக்குத்தானே இத்தனை பேரும் காத்துண்டிருக்கோம்."

சிஸ்டர் ஊதி அணைத்தார். முகம் சிவந்துவிட்டது. "ஞான் விசாரிச்சு... எல்லாரும் தீப்பெட்டி மறந்து போயின்னு."

ஊரில் உள்ள பெண்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் தீப்பெட்டி எடுக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்! அது மட்டுமில்லை. அவருடைய இன்னொரு கையில் தீப்பெட்டிக் கட்டு ஒன்று முழுசாக இருந்தது. வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போகலாம் என்று எடுத்து வந்திருக்கிறார். மாமிதான் முதலில் சிரித்தார். பிறகு சந்தே சிரித்தது. சிஸ்டரும் வெட்கம் விட்டுச் சிரித்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கொஞ்ச நேரம் சந்து முனையைப் பார்க்க மறந்துபோனேன்.

தீ வந்தது. முதலில் பெண்கள் இடுகிற குரவைச் சத்தம் வந்தது, பிறகு புகை, பிறகு தீ. மாமி தன் அடுப்பை ஏற்றிவிட்டு, எரிகிற ஓலையை என்னிடம் நீட்டினார். "இந்தா கொழந்தே, ஒன் அடுப்புக்கு."

முகம் தெரியாத எத்தனையோ பெண்களின் கை மாறி வந்த தீ அது. எவளும் உன் அம்மா எங்கே என்று கேட்டுவிட்டுத் தரவில்லை.

எந்தப் பக்கம்?

பானை பொங்கி வழிந்தபோது கண்ணெல்லாம் புகை. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். எதிரே அம்மா நின்றாள்.

மெலிந்து கறுத்திருந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. என்னைப் பார்க்காமல் செங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"என்னட்டி எழுதிருக்க?"

அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அம்மா" என்றேன்.

அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் பொங்கலைக் கிண்டினார். சிஸ்டர் லூசியா ஒரு தம்ளர் மோரைக் கொண்டுவந்து அம்மா கையில் திணித்தார்.

குடித்து முடித்ததும் அம்மா அவசரப்பட்டாள். "கெளம்பு மக்கா. ஒன்னயக் கூட்டிட்டுப் போவத்தான் வந்தேன். பஸ்ஸு போயிரும்."

"நைவேத்தியம் ஆகாம எழுந்திருக்கப்படாது" என்றார் மாமி. பூசாரி வந்து தீர்த்தம் தெளிக்க மத்தியானம் தாண்டிவிடும். அதுவரைக்கும் பானையை விட்டு அசையக் கூடாது. அம்மா வேறு வழியில்லாமல் என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சிஸ்டரும் மதிலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா சொன்னாள். நாகர்கோவிலில் ஒரு பெரிய வீடு. அவள்தான் அங்கே சமையல். இத்தனை வருஷமும் லீவே கிடையாது, இந்த ஒரு நாளைக்குக் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கியிருக்கிறாள். அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. "பிள்ளையப் பாத்துக்க ஒரு பொண்ணு வேணும்னாவ. நீ வந்தேன்னா ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாம் மக்கா."

"பள்ளிக்கூடம்?"

"பொறவு பாத்துக்கிடலாம்."

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பள்ளிக்கூடம் போனால் போகட்டும். நான் தினமும் கேட்டது கேட்டபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. போவது என்று முடிவே செய்துவிட்டேன். போகிறவள் கேட்கிற மாதிரித்தான் வீட்டைப் பற்றி விசாரித்தேன்.

"நாம எங்கம்மா படுப்போம்?"

"அடுக்களையிலதான். பெரிய அடுக்களை. ரெண்டு பேரும் தாராளமாப் படுக்கலாம்."

"தாழ்ப்பாள் யாரு போடுவா? நீயா?"

"எந்தத் தாழ்ப்பாள்?"

"அடுக்களைக் கதவுக்கு."

அம்மா அகப்பையை எடுத்துப் பொங்கலைக் கிண்டினாள். கிண்ட வேண்டிய அவசியமே இல்லை, அது எப்போதோ வெந்துவிட்டது.

"அது வெளிப்பக்கம் கெடக்கு. அவியளே பூட்டிக்கிடுவாவ. காலைல தொறந்து விடுவாவ. பாத்திரம் பண்டம் கெடக்குல்லா, அதுக்குத்தான்."

எனக்கு ஆரியசாலை அறையின் வாசனை வந்தது. மூக்கில் நிஜமாகவே வந்தது. என் அம்மா அங்கிருந்து தப்பித்துப்போய் இன்னொரு பூட்டுக்குள் படுத்திருக்கிறாள், அது அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

சிஸ்டர் லூசியா என் தோளில் கை வைத்தார். "மோளே, அம்மை கூடப் போணும்னா போ. வேண்டிய பேப்பர் எல்லாம் ஞான் சரியாக்கும். போக வேண்டாம்னா இவ்விடெ உன் கட்டில் உண்டு. ஞான் ஒண்ணும் பறய மாட்டேன். நீ பறயணும்."

பூசாரி எங்கள் சந்துக்கு வந்தார். அவர் தண்ணீர் தெளித்தபோது என் முகத்தில் பாதி விழுந்தது. குரவைச் சத்தம் அடங்கியதும் சொன்னேன்.

"நான் வரலம்மா."

"என்னட்டி சொல்லுத?"

"பூட்டுற வீட்டுக்கு நான் வர மாட்டேன். நீயும் போவாத."

"போவாம எங்கன கெடப்பேன்? ஒனக்குக் கூறிருக்கா?" என்றாள். மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்தாள், மறுபடியும் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "இங்க தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?"

"உள்பக்கம். நாங்கதான் போடுவோம். இன்னைக்கு என் முறை."

அம்மா என் தலையைத் தடவினாள். உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது.

"அப்போ நீ இங்கயே இரி மக்கா."

பாதிப் பொங்கலை அவள் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தேன். "அடுத்த பொங்காலைக்கு வா. இடம் பிடிச்சு வைக்கேன்" என்றேன். சந்து முனை வரைக்கும் கூடப் போனேன். அன்றுதான் முதல் தடவையாக அவள் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைய வேண்டுதல்

சாயங்காலம் சேப்பலில் நான் எழுந்து நின்றதும் வழக்கம்போல முந்திக்கொள்ள எல்லோரும் வாயைத் திறந்தார்கள். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"எங்கம்மா படுக்கிற கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும்."

ஒருத்திக்கும் விளங்கவில்லை. சிஸ்டர் லூசியாதான் தனியாகத் தொடங்கினார். அப்புறம் ஒவ்வொருத்தியாகச் சேர்ந்துகொண்டார்கள். கர்த்தாவே, கேள்க்கணமே.

கேட்டது நடக்க நாளாயிற்று. அம்மா அடுத்த பொங்காலைக்கு வந்தாள், அதற்கடுத்ததற்கும் வந்தாள். நான் படித்தேன், பரீட்சை எழுதினேன், காக்கிச் சட்டை போட்டேன். போட்ட கொஞ்ச நாளில் நாகர்கோவிலுக்குப் போய் அவளை என் பஸ்ஸிலேயே கூட்டி வந்தேன். முன் சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடித்தேன். கேட்கிற தைரியம் எவருக்கும் இல்லை.

கரமனையில் சின்னதாக ஒரு வாடகை வீடு. சாமான் இறக்கும் முன்னால் சாலைக் கடைத்தெருவுக்குப் போய், கடையில் இருந்ததிலேயே பெரிய பித்தளைத் தாழ்ப்பாளை வாங்கி உள்பக்கம் மாட்டினேன். இன்றும் பொங்காலைக்கு அதே சந்தில்தான் எங்கள் அடுப்பு. சிஸ்டர் லூசியாவுக்கு இப்போது ஓட முடியாது, நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். "சிஸ்டரே, தீப்பெட்டி எவிடெ?" என்று யாராவது கேட்காமல் அந்த நாள் தொடங்குவதில்லை.

மத்தியானம் டூட்டி முடிந்து வந்தால் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். பட்டப்பகலிலும் அம்மா தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். தட்டுவேன்.

"யாரது?"

"நாந்தாம்மா, இசக்கி."

"எந்த இசக்கி?" என்பாள், வேண்டுமென்றே.

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஆடி அசைந்து வருகிற சத்தம் கேட்கும். டிக்கெட் மெஷினும் தோள்பையுமாக நான் வெயிலில் நிற்பேன். பசி உயிர் போகும். இருந்தாலும் இன்னொரு தடவை தட்ட மாட்டேன். கதவு அவள் கையில் இருக்கிறது, அவள் திறக்கிறபோது திறக்கட்டும்.